வார இறுதி உணவகச் செலவும் கிரெடிட் கார்டு பாக்கியும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன், புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்குமாக மாதம் 82,000 ரூபாய் கைக்கு வருகிறது. அதில் வீட்டுக்கடன் தவணை 21,000 ரூபாய். சனிக்கிழமை தோறும் புதுச்சேரிக்குச் சென்று, பிரெஞ்சு, வியட்நாமிய, செட்டிநாட்டு, வங்காள உணவகங்கள் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். சில வாரங்கள் நண்பர்களும் சேர்ந்துகொள்வார்கள். ரிவார்டு பாயிண்டுக்காக மொத்த பில்லையும் என் கார்டில் தேய்த்துவிடுவேன், அவர்கள் பங்கை ஜிபேயில் அனுப்பிவிடுவார்கள். வெளிச்சாப்பாட்டுக்கு மாதம் 18,000 ரூபாய் ஆகிறது. கார்டில் 64,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையான 3,200 ரூபாயை மட்டும் கட்டி வருகிறேன். வங்கியில் 1,50,000 ரூபாய் வைப்பு நிதி இருக்கிறது. உணவகம் செல்வதையே நிறுத்திவிடலாம் என்கிறேன் நான்; வாரம் முழுக்க உழைப்பதற்கு இது ஒன்றுதான் பலன் என்கிறார் மனைவி. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனைவியின் பக்கமே நான் நிற்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. சனிக்கிழமைச் சாப்பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. அதற்குப் பணம் கட்டும் முறையை இந்த மாதமே மாற்றியாக வேண்டும்.

முதலில் பாக்கியைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பியிருக்கும் கார்டு அறிக்கையில் வட்டி மாதத்துக்கு 3.5% என்று இருக்கிறது. 64,000 ரூபாய்க்கு அது 2,240 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி 403 ரூபாய். ஆகவே, நீங்கள் கட்டும் 3,200 ரூபாயில் 2,643 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட, அசலில் குறைவது வெறும் 557 ரூபாய். இதைவிடப் பெரிய பாதகம் ஒன்று உண்டு: பாக்கியை முழுவதும் கட்டாதவருக்கு வட்டியில்லாக் காலம் என்ற சலுகை கிடையாது. இந்தச் சனிக்கிழமை நீங்கள் கார்டில் தேய்க்கும் 2,000 ரூபாய்க்கு, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அந்தத் தொகை ஓராண்டு அப்படியே கிடந்தால் கூட்டு வட்டியை விட்டுவிட்டே சுமார் 990 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். நீங்கள் துரத்தும் ரிவார்டு பாயிண்டின் மதிப்பு, பெரும்பாலான கார்டுகளில் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டியே இருக்கும். ஒரு ரூபாய் வரவுக்காக மாதம் மூன்றரை ரூபாய் செலவு செய்வதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

இந்தப் பாக்கி எப்படிச் சேர்ந்தது என்பதை உங்கள் அறிக்கைகளே சொல்கின்றன. நண்பர்களோடு சென்ற நாள்களின் பில்கள்தான் அதில் மிகப் பெரியவை. அவர்கள் நாணயமாகத் தங்கள் பங்கை அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் விழுந்து, பெட்ரோலுக்கும் மளிகைக்கும் கரைந்துவிடுகிறது, பில்லோ முழுதாகக் கார்டில் நிற்கிறது. என்னிடம் வரும் இளம் குடும்பங்கள் பலவற்றில் இதே ஓட்டையைக் காண்கிறேன். இனி நண்பர்களோடு செல்லும் நாளில் ஆளுக்கொரு பங்காக உணவகத்திலேயே யுபிஐ மூலம் கட்டிவிடுங்கள். பில்லைப் பிரித்துத் தரச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பாக்கியை அடைக்க வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. வைப்பு நிதிக்கு ஆண்டுக்கு 7% வட்டி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். 64,000 ரூபாயை அதிலிருந்து எடுத்தால் ஆண்டுக்கு 4,480 ரூபாய் வட்டி போகும். முன்கூட்டியே முறிப்பதற்கு வங்கி வட்டி விகிதத்தில் சற்றுக் கழிக்கும், அவ்வளவுதான். எடுக்காவிட்டால் அதே தொகைக்கு ஆண்டில் ஏறத்தாழ 31,700 ரூபாயைக் கார்டு நிறுவனத்துக்கு வட்டியாகவும் வரியாகவும் கட்டுவீர்கள். எஃப்டியில் கை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வளர்த்தது நல்ல பழக்கம்தான். ஆனால் மாதம் 3.5% என்றால் ஆண்டுக்கு 42% வட்டி; அப்படிப்பட்ட கடனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 7% சேமிப்பைக் காப்பது அந்தப் பழக்கத்தின் நோக்கம் ஆகாது. மீதி 86,000 ரூபாய் அவசரத் தேவைக்கு இருக்கட்டும். பகுதித் தொகையை மட்டும் எடுக்க வங்கி அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முழுவதையும் முறித்து, மீதியைப் புதிதாகப் போடுங்கள்.

அடுத்து அந்த 18,000 ரூபாய். கைக்கு வரும் பணத்தில் இது கிட்டத்தட்ட 22%. நீங்கள் கொடுத்த கணக்கில் சனிக்கிழமைச் சாப்பாடு 7,500 ரூபாய். வார நாள்களில் செயலி வழியாக வீட்டுக்கு வரவழைத்தது 6,300. அலுவலக மதிய உணவும் தேநீரும் 2,400. பிறந்தநாள், விருந்து வகையில் 1,800. உங்கள் இருவருக்கும் வாதம் சனிக்கிழமையைப் பற்றி; எனக்கோ அந்த 6,300 ரூபாய்தான் உறுத்துகிறது. சனிக்கிழமையை நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, மாவு இல்லை என்பதற்காக வரவழைத்த பரோட்டாவை அடுத்த வாரம் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கடையில் உள்ள விலையைவிடச் செயலியில் விலை கூடுதலாக இருப்பது பல இடங்களில் சாதாரணம். அதன் மேல் பொட்டலக் கட்டணம், செயலிக் கட்டணம், விநியோகக் கட்டணம், உணவுக்கு 5% வரி, 2025 செப்டம்பர் 22 முதல் விநியோகக் கட்டணத்துக்கு 18% வரி என்று அடுக்கடுக்காக ஏறும். இதை 2,000 ரூபாய்க்குள் அடக்கி, செயலியில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தையும் நீக்கிவிடுங்கள்.

சனிக்கிழமையை 6,000 ரூபாய்க்குள் கொண்டுவருவது கடினமல்ல, பில்லை வாசிக்கப் பழகினால் போதும். தனித்து இயங்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 5%தான். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசமாக இருந்தாலும் சட்டப்பேரவை உள்ளதால், கடலூர் பில்லில் உள்ளதைப் போலவே மத்திய வரி 2.5%, மாநில வரி 2.5% என்றுதான் பிரித்திருக்கும். ஆனால் அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகம் என்றால் வரி 18%. ஒயிட் டவுனில் பழைய பிரெஞ்சு மாளிகைகள் பல இப்படி விடுதிகளாகிவிட்டன. துய்மா வீதியில் அடுத்தடுத்த இரு வாசல்களில் ஒரே 2,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு வரி ஓரிடத்தில் 100 ரூபாயாகவும் மற்றோரிடத்தில் 360 ரூபாயாகவும் இருக்கக்கூடும். முற்றத்தில் அமர்ந்து சாப்பிடும் சுகத்துக்கு அந்த 260 ரூபாய் தகும் என்றால் தாராளமாகச் செல்லுங்கள். தெரிந்து கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சேவைக் கட்டணம் வேறு விஷயம். அதைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. 2,000 ரூபாய் பில்லில் 10% சேவைக் கட்டணம் சேர்த்தால், அதற்கும் வரி விழுந்து மொத்தம் 2,310 ரூபாயாகும். நீக்கச் சொன்னால் 2,100. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நன்றாகப் பரிமாறியவர் கையில் நேரடியாக 50 ரூபாய் கொடுத்துவிட்டு வருவது என் பழக்கம். சிறிய மெஸ்கள் சில, சிறு வணிகர்களுக்கான இணக்க வரித் திட்டத்தில் (கம்போசிஷன்) பதிவு செய்திருக்கும். அவை வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரிதான். எனவே நண்பர்களில் யாரேனும் பீர் வாங்கும் நாளில், மொத்தத் தொகையின் மேல் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் விற்க உணவகங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2017இல் அனுமதி அளித்துவிட்டது. ஆகவே சாதாரணத் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிச் செய்தால் செயலியில் 4,300, சனிக்கிழமையில் 1,500, கார்டுக்குக் கட்டி வந்த 3,200 ஆக மாதம் 9,000 ரூபாய் மிஞ்சும். அதில் 5,000 ரூபாயை வங்கித் தொடர் வைப்பில் போட்டால், எஃப்டியிலிருந்து எடுத்தது 13 மாதங்களில் திரும்பிவிடும். மீதி 4,000 ரூபாயை எங்கே போடுவது என்பதை, பாக்கி தீர்ந்த பிறகு எழுதுங்கள், பேசுவோம்.

ஒரு எச்சரிக்கை: கார்டில் 64,000 ரூபாயையும் கட்டிய பிறகும், அடுத்த அறிக்கையில் சில நூறு ரூபாய் வட்டி வந்திருக்கும். அறிக்கைத் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. தவறு என்று எண்ணி விட்டுவிடாமல் அதையும் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று அறிக்கையில் பார்க்கும் வரை அந்தக் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புதுச்சேரிக்குச் செல்லுங்கள்.