எம்.டி., எம்.எஸ். படிக்கும்போது சின்னச் சின்ன சந்தோஷங்களுக்கு எப்படி நேரம் ஒதுக்கினீர்கள்?

"சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. போன வாரம்தான் ஒரு ஞாயிறு முழுசாக் கிடைச்சுது. தூங்கியே தீர்த்துட்டேன், சாயங்காலம் எழுந்ததும் அழுகை வந்துடுச்சு" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. மெடிசின், சர்ஜரி, ஓ.ஜி. (மகப்பேறு), பீடியாட்ரிக்ஸ் (குழந்தைகள்) இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அழுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நாலில்தான் இருக்கிறார்கள். (டெர்மா, அதாவது தோல் பிரிவு நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் ஓ.பி. கூட்டமும் எனக்குத் தெரியும்.)

நான் சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் பொது மருத்துவம் படித்தேன். 2021 செப்டம்பரில் நீட் பிஜி (முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதி, இடஒதுக்கீட்டு வழக்கில் கவுன்சிலிங் இழுத்து, 2022 தொடக்கத்தில் சேர்ந்த பேட்ச். அந்த இடைவெளியில் முதலாண்டு ஆளே இல்லாமல் சீனியர்கள் தேய்ந்து போயிருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டுக் கட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நேரம் ஒதுக்குவது பற்றி முதலில் ஒன்று. 1992-லேயே மத்திய சுகாதார அமைச்சகத்தின் ரெசிடென்சி (ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பயிற்சி) திட்டத்தில், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக வேலை வாங்கக் கூடாது என்று இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்.எம்.சி.) 2023 விதிகளில் வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பும், வாரம் ஒரு நாள் ஓய்வும் உண்டு. 2024-இல் மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய்ந்த அதன் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. எல்லாம் தாளில் இருக்கிறது. கூடவே "பணியின் அவசரத்துக்கு உட்பட்டு" என்று ஒரு வாலும் இருக்கிறது. என் மூன்று வருடமும் அந்த வாலுக்குள்தான் போயிற்று. அதனால் காலண்டரில் கலர் கட்டம் போடுங்கள், காலை ஐந்து மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி போங்கள் என்று யாராவது ரீல்ஸில் சொன்னால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். காலை ஐந்து மணிக்கு நாம் எழுவதில்லை, அப்போதுதான் ரத்தம் எடுத்து முடித்திருப்போம்.

என் விஷயம் தலைமுடி.

சிரிக்க வேண்டாம். எனக்கு இடுப்பு வரை முடி. எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். வெள்ளிக்கிழமை என்றால் அம்மா நல்லெண்ணெய்யைச் சூடு பண்ணி உச்சியில் வைத்துத் தேய்த்து, சீயக்காய் போட்டு ஊற்றிவிடுவாள். எம்.பி.பி.எஸ். விடுதியில்கூட நானே அதைத் தொடர்ந்தேன். எம்.டி. சேர்ந்ததும் எங்கள் யூனிட்டுக்கு அட்மிஷன் நாள் (புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் முறை நாள்) வியாழன் என்று சொன்னபோது முதலில் எனக்குத் தோன்றியது "அப்போ வெள்ளிக்கிழமை?" என்பதுதான். வியாழன் காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் வெள்ளி காலை எட்டு வரை அட்மிஷன். அதன் பிறகு சீஃப் (யூனிட் தலைவர்) ரவுண்ட்ஸ். அதன் பிறகு எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) கெஞ்சுவது, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டுத் திட்டத்துக்கு போட்டோ எடுத்து ஏற்றுவது. அறைக்கு வரும்போது சாயங்காலம் நாலு. எண்ணெய் தேய்த்து ஊற வைக்கிற நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், தலையணையெல்லாம் எண்ணெய்யாகி, அப்படியே மறுநாள் வார்டுக்குப் போன கதையும் உண்டு.

ஈர முடியை முடிந்துகொண்டு ஓடினால் என்ன ஆகும்? முதலில் வாடை. பிறகு பொடுகு. ஆகஸ்டில் பேன். வார்டில் ஒரு பாட்டியைத் தூக்கி உட்கார வைத்தபோது வந்திருக்க வேண்டும். எம்.டி. படிக்கிற டாக்டர், மருந்துக் கடையில் போய் பெர்மெத்ரின் லோஷன் கேட்டு, "பேஷன்ட்டுக்கு" என்று பொய் சொல்லி வாங்கினேன். அம்மாவிடம் போனில் சொன்னதும் "பேசாம வெட்டிரு, மூணு வருசம் கழிச்சு வளத்துக்கலாம்" என்றாள். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அன்றைக்குப் புரியவில்லை. மூன்று வருடத்துக்கு நான் வேறு யாரோவாக இருந்துவிட்டு அப்புறம் திரும்பி வரலாம் என்று அவளும் நினைத்துவிட்டாளே என்றிருந்தது.

இப்போது தீபாவளிக்கு வருகிறேன். 2022-இல் அக்டோபர் 24, திங்கட்கிழமை. வியாழன் அட்மிஷன் எங்களுக்கு நிலையானது, ஞாயிறு மட்டும் யூனிட்டுகளுக்குள் முறை வைத்து வரும். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எங்கள் தலையில் விழுந்தது. டெங்கு சீசன். பெண்கள் வார்டில் கட்டில் நிரம்பி, இரண்டு வரிசைக்கு நடுவில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தோம். கட்டிலுக்கு நம்பர், தரைக்கு எஃப்-1, எஃப்-2 என்று நாங்களாக வைத்த பெயர்.

டெங்குவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். பப்பாளி இலையை அரைத்து டம்ளரில் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். நாம் பார்ப்பது வேறு. காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) ஏறும், மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி சுருங்கும். 100/80 என்று எழுதியிருந்தால் "நூறு இருக்கே" என்று திருப்திப்பட்டுப் போய்விட முடியாது. மணிக்கு மணி பார்க்க வேண்டும். நீங்கள் மெடிசின் என்றால் இதைச் சொல்லத் தேவையே இல்லை, அடுத்த பத்திக்காகச் சொல்கிறேன்.

ராத்திரி மூன்றரை மணிக்கு நைட் டூட்டி சிஸ்டர், மிளகு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய்யை ஒரு சின்ன டப்பாவில் நீட்டினார். வீட்டில் வைத்தது, விடியற்காலையில் தானும் போய்க் குளிக்க முடியாது, மணத்துக்காவது இருக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறார். மேசைமேல் அதைத் திறந்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் என் கோ-பிஜி, அதாவது கூடப் படிக்கிற முதுநிலை மாணவன். நாகர்கோவில் பையன், கிறிஸ்தவன். கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "நாலுல இருந்து ஆறு வரைக்கும் ரெண்டு வார்டும் நான் பாத்துக்கிடுதேன். நீ போய்த் தலைக்கு ஊத்திட்டு வா மக்கா."

நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அதைத்தான் இப்போது நினைத்து வெட்கப்படுகிறேன்.

பதினோரு பேரைச் சொல்லி ஒப்படைத்தேன். கட்டில் நம்பர், எத்தனை மணிக்கு என்ன, யாருக்கு எவ்வளவு ட்ரிப்ஸ். ஓடினேன். பக்கத்து அறைப் பெண், தீசிஸ் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஹீட்டர் ராடைக் கொடுத்தாள். (எங்கள் கெட்டிலை வார்டன் ஜூலையிலேயே எடுத்துப் போயிருந்தார்.) எண்ணெய் வைத்து, பத்தே நிமிடம் ஊறி, சீயக்காய் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஒரு வாளி. வெளியே எங்கேயோ முதல் வெடிச் சத்தம். கழுத்து வழியாகச் சூடு இறங்கியபோது, எட்டு மாதத்தில் முதல்முறையாக என் உடம்பு என்னுடையது என்று இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆறு மணிக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு வார்டுக்குள் வந்தால், அவன் எஃப்-3 பக்கத்தில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான். காலேஜ் படிக்கிற பெண், பத்தொன்பது வயது. ஐந்து மணிக்கு அவளுக்கு பி.சி.வி. பார்க்க வேண்டியிருந்தது. நான் சொன்ன பதினோரு பேரில் அவள் இல்லை. கட்டில் நம்பர்களாகவே சொல்லிக்கொண்டு வந்ததில் தரை விட்டுப்போயிற்று. அவன் நடந்து போகும்போது காலில் அவள் கை பட்டிருக்கிறது, சில்லென்று இருந்திருக்கிறது. பிரஷர் 100/84. பி.சி.வி. 38-இலிருந்து 46. ஏ.பி.க்குப் (உதவிப் பேராசிரியர்) போன் போட்டு, ட்ரிப்ஸைக் கூட்டி, ஒரு மணி நேரமாக அங்கேயே இருக்கிறான். நான் வந்தபோது கை சூடாகத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்து "எஃப்-3 சொல்லல" என்றான். அவ்வளவுதான். ரவுண்ட்ஸில் சீஃப் கேட்டபோதும் என் பெயரை எடுக்கவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மா என் தலைத் துண்டைப் பார்த்தார். நேற்று ராத்திரி முழுக்க "பிளேட்லெட் எவ்ளோ, பிளேட்லெட் எவ்ளோ" என்று என்னைத் துரத்தியவர். "கங்கா ஸ்நானம் ஆச்சா டாக்டரம்மா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, துண்டை அவிழ்த்து, ஈரத்தைத் தட்டி எடுத்து, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். "ஈரத்தோட கட்டாத, நீர் கோத்துக்கும்." அவருக்கு எதுவும் தெரியாது. நான் அவர் மகளின் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண் பசிக்கிறது, இட்லி வேண்டும் என்று கேட்டாள். டெங்குவில் அதைவிட நல்ல செய்தி கிடையாது.

"நோயாளியை விட்டுவிட்டுக் குளிக்கப் போனாயா" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள், தெரியும். வார்டில் ஒரு பிஜி, இரண்டு ஹவுஸ் சர்ஜன் (எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சியில் இருப்பவர்கள்), அழைத்தால் வரும் ஏ.பி. எல்லாரும் இருந்தார்கள். நான் போனது தப்பில்லை, எழுதிக் கொடுக்காமல் போனதுதான் தப்பு. இந்த இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். 22 மணி நேரம் விழித்திருந்தவள் வாயால் சொன்னால் ஒன்று விடத்தான் செய்யும். அன்றிலிருந்து கேன்டீனுக்குப் போவதாக இருந்தாலும் ஒரு துண்டுத் தாளில் தரையிலிருந்து தொடங்கி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அதன் பிறகுதான் நிம்மதியாக டீ குடிக்கவும் முடிந்தது. "எங்கள் காலத்தில் 72 மணி நேரம் நின்றோம்" என்று வருகிற சீனியர்களுக்கு: நின்றீர்கள் சார், மறுக்கவில்லை. அந்த 72-ஆவது மணியில் யாரை மறந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான் சொல்கிறேன்.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் எழுதாவிட்டால் தூக்கம் வராது. பெண் பிஜிக்களின் டூட்டி ரூம் கதவில் தாழ்ப்பாள் இல்லை. 2022 மார்ச்சில் முதல் மனு கொடுத்தோம். பொதுப்பணித் துறைக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு இரண்டரை வருடம் தூங்கினோம், அதைத் தூக்கம் என்று சொல்ல முடியுமானால். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவருக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு ஒரு குழு வந்து, டேப் வைத்து அறையை அளந்து, எங்களை வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுத்துப் போனது. செப்டம்பரில் தாழ்ப்பாள் வந்தது. வெளிப்பக்கம் மாட்டிவிட்டார்கள். ஸ்க்ரூ டிரைவர் வாங்கி நாங்களே உள்பக்கம் மாற்றினோம். நல்வாழ்வு, மனநலம், யோகா வகுப்பு என்று யாராவது பேசினால் எனக்கு இன்றைக்கும் அந்த நாலு ஸ்க்ரூதான் ஞாபகம் வருகிறது.

உங்கள் கேள்விக்கு. உங்கள் கோ-பிஜியிடம் கேளுங்கள். "எனக்கு ரெண்டு மணி நேரம் வேணும், கேரம் ஆடணும்" என்று காரணத்தைச் சொல்லியே கேளுங்கள். வயிற்றுவலி என்று பொய் சொல்லாதீர்கள், அப்புறம் அவனும் வயிற்றுவலி வந்தால்தான் கேட்பான். அவனுக்கு எது வேண்டும் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் டிசம்பர் 24, 25 இரண்டு நாளும் அவன் வேலையை நான் பார்த்தேன்; எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறிப் போய் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடினான். அடுத்த வருடம் முடியவில்லை. எனக்கு மூன்று மாத மாவட்ட ரெசிடென்சி (மாவட்ட ஆஸ்பத்திரியில் கட்டாயப் பயிற்சி) அப்போதுதான் வந்தது, அவன் டிசம்பர் 25-ஐ ஐ.சி.யூ.வில் கழித்தான். அந்தக் கடன் இன்னும் நிற்கிறது.

முதல் கிறிஸ்துமஸுக்குப் போய்த் திரும்பியபோது அவன் அம்மா ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொடுத்துவிட்டிருந்தார். இரண்டு ராத்திரியில் தீர்ந்துவிட்டது. டப்பா இப்போது என்னிடம், நான் வேலை பார்க்கும் தாலுகா ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில், சீயக்காய்த் தூளோடு இருக்கிறது. அந்த அம்மா இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டார்.