வயல் வேலை செய்பவருக்குத் தனியான உடற்பயிற்சி தேவையா?

கிளிநொச்சியில் வயல் செய்யும் ஒருவர், நாள் முழுவதும் உழைத்தும் நாரி (கீழ்முதுகு) வலிப்பதேன், மாலையில் கரப்பந்து ஆடினால் கணுக்கால் பிசகுவதேன் என்று கேட்டிருக்கிறார்.

உடற்றகுதி என்பது இதய நுரையீரல் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழ்வு, உடலமைப்பு (உடலில் கொழுப்புக்கும் தசை போன்றவற்றுக்கும் உள்ள விகிதம்) ஆகியவற்றின் சேர்க்கையாகும். களை பிடுங்குதல் தசைத் தாங்குதிறனை வளர்க்கும் என்றாலும், மணிக்கணக்காகக் குனிந்தே இருப்பதால் முதுகுத் தசைகள் ஒரே திசையில் இழுபட்டுக் களைக்கின்றன. அந்தக் களைப்போடு நெல் மூட்டையை இடுப்பைத் திருகியபடி தூக்கும்போது நாரி எளிதில் பிடித்துக்கொள்ளும். இடையிடையே நிமிர்ந்து சற்றுப் பின்னோக்கி வளைவதும், மூட்டையை உடலோடு அணைத்து முழங்காலை மடித்துத் தூக்குவதும், திரும்புகையில் பாதங்களை நகர்த்துவதும் நல்லது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தையும், இரு நாள் தசை வலுவூட்டலையும் பரிந்துரைக்கிறது. வயல் வேலையும் உடலியக்கமே என்பதால், உங்களுக்கு இரணைமடுக் குளக்கட்டில் ஓடுவதைவிட வலுவூட்டலே கூடுதலாகத் தேவைப்படும் என்பது என் கருத்து.

ஆட்டத்துக்கு முன் பத்து நிமிட மெல்லோட்டமும், அன்றாடம் ஒற்றைக்காலில் நின்று பழகும் சமநிலைப் பயிற்சியும் கணுக்காலைக் காக்கும். வலி காலுக்கு இறங்கி, உணர்வு மரத்துப்போகும் விறைப்பும் சேர்ந்தால், எண்ணெய் பூசிக் காத்திராமல் மருத்துவரை நாடுங்கள்.