தரை ஆர்க்கிட் விதை: காய் பிடிப்பது முதல் குப்பியில் அடைப்பது வரை

கேள்வி (அம்பாசமுத்திரம்): எங்கள் பட்டா நிலத்து ஓரம் பொத்தைச் சரிவில், உடைமரப் புதருக்கடியில் சில ஆர்க்கிட் செடிகள் நிற்கின்றன. பச்சைக் கிழங்கு பாதி மண்ணுக்கு வெளியே தெரியும். போன தடவை ஒரு காயை உடைத்து, உள்ளே இருந்த தூளைச் செம்மண், மணல், தொழுவுரம் கலந்த தொட்டியில் தூவினேன். ஒன்றும் முளைக்கவில்லை. விதை பதரா?

பதில்: பதராக இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது யூலோஃபியா என்ற தரை ஆர்க்கிட் இனம். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கும், ஆனால் எதிலும் முளைசூழ் தசை கிடையாது. நெல்லோ அவரையோ கையிருப்பு உணவோடு மண்ணில் விழுகிறது. ஆர்க்கிட் விதை வெறும் கருவும், அதைச் சுற்றிய வலை போன்ற தோலும்தான். மண்ணில் குறிப்பிட்ட சில பூஞ்சைகள் வந்து கருவுக்குள் புகுந்து சர்க்கரை கொடுத்தால்தான் அது பருத்து வளரும். 1899-லேயே பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயெல் பெர்னார்ட் இதைக் கண்டுபிடித்துவிட்டார். உங்கள் தொட்டி மண்ணில் அந்தப் பூஞ்சை இல்லை. தொழுவுரத்தில் வரும் சாதாரணப் பூசணமோ விதையை அழித்துவிடும்.

அடுத்த முறை தொட்டி வேண்டாம். ஐப்பசி மழை பிடித்து மண் நனைந்ததும், தாய்ச்செடியிலிருந்து ஒரு முழத்துக்குள், சருகை விலக்கித் தூவி மறுபடி சருகை மூடுங்கள். முளைத்ததா என்று தெரிய வேண்டுமானால் விதைப் பொட்டலம் புதையுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் கடையில் 50 மைக்ரான் கண் உள்ள நைலான் துணி கேளுங்கள். 5 செ.மீ. துண்டில் ஒரு சிட்டிகை விதையை வைத்து மடித்து, ஓரத்தை ஸ்டேப்லர் அடித்து, 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் நிறுத்தி வையுங்கள். நைலான் நூல் ஒன்றை வெளியே நீட்டிவிட்டால் தேட வேண்டாம். பத்துப் பொட்டலமாவது பல இடங்களில் வையுங்கள். ஒரே சரிவிலும் பூஞ்சை திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். சில மாதம் கழித்து எடுத்து லென்ஸில் பார்த்தால், பிழைத்தவை வெள்ளை உருண்டையாகப் பருத்திருக்கும். அந்த நிலத்தில் களைக்கொல்லியும் பூஞ்சணக்கொல்லியும் அடிக்கவே கூடாது. செடி தப்பினாலும் அதன் விதையை முளைக்க வைக்கும் பூஞ்சை போய்விடும்.

கேள்வி (களக்காடு, பள்ளி ஆசிரியை): எங்கள் ஊர் நிலங்களில் உள்ள தரை ஆர்க்கிட்டுகளின் விதையை மாணவர்களோடு சேகரித்து வைக்க விரும்புகிறோம். எப்போது காய் பறிப்பது? எப்படிச் சேமிப்பது?

பதில்: சொந்த நிலத்தோடு நில்லுங்கள். புலிகள் காப்பகம், காப்புக்காடு எல்லைக்குள் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு காயைக்கூடத் தொடக்கூடாது.

முதல் சிக்கல் காயே பிடிக்காதது. யூலோஃபியாவில் பல வகைகள் தேன் சுரப்பதில்லை. ஏமாந்து வரும் பூச்சியை நம்பித்தான் காய். நீங்களே மகரந்தம் சேர்க்கலாம். பூவின் நடுத்தூண் நுனியில் சிறு மூடி இருக்கும். பல்குச்சியால் அதைக் கீழிருந்து மேலாக மெல்ல நெம்பினால் மஞ்சள் உருண்டைகள் குச்சியில் ஒட்டிவரும். அவற்றை வேறொரு செடியின் பூவில், மூடிக்குக் கீழே பிசுபிசுப்பாக உள்ள குழியில் அழுத்துங்கள். அதே செடிக்குள் சேர்த்தால் பதர் கூடும். ஒரு தண்டில் இரண்டு மூன்று காய் போதும். மேலும் விட்டால் கிழங்கு வற்றி மறு வருடம் பூக்காது.

காய் பச்சை மாறி மஞ்சளாகி, விளிம்புக் கோட்டில் மயிரிழை வெடிப்பு தெரியும் நாள்தான் பறிக்கும் நாள். அதற்கு முன்பே பட்டர் பேப்பர் உறை மாட்டி நூலால் கட்டிவிடுங்கள். கொசுவலைத் துணியில் இந்தத் தூள் நிற்காது. ஐந்து காய் இருந்தால் ஒன்றுதான் நமக்கு. பாலிதீன் பையில் போட்டால் ஒரே இரவில் பூசணம் பிடிக்கும். காகித உறைதான் சரி. இடம், தேதி, செடி எண்ணிக்கை ஆகியவற்றைப் பென்சிலால் அங்கேயே எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும்.

விதையைத் தேநீர் வடிகட்டியில் தட்டித் தூசு நீக்கி, பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள். தோலுக்குள் நீள்வட்டக் கரு தெரிந்தால் விதை, கண்ணாடி போல் வெறுமையாக இருந்தால் பதர். நூறு விதையை எண்ணி விகிதத்தைக் குறியுங்கள். பாதிக்கு மேல் பதர் என்றால் அந்தக் காயை இடத்திலேயே தூவிவிடுவது மேல்.

விதை கெடுவதற்கு முக்கியக் காரணம் காயாமல் குளிரில் வைப்பதுதான். ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடியில் நீல சிலிகா ஜெல் 50 கிராம், அதன் மேல் காகிதப் பொட்டலத்தில் விதை. நீலம் வெளிறிச் சிவந்தால் ஜெல்லை மாற்றுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயில் கருவைக் கொன்றுவிடும். ஒன்றிரண்டு வாரம் போதும், ஈரம் எடையில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு வர வேண்டும். அளவு மீறிக் காய்ந்தாலும் சில ஆர்க்கிட் விதைகளின் ஆயுள் குறையும். அதனால்தான் விதை வங்கிகளில் லித்தியம் குளோரைடு நிறைகரைசல் வைத்த ஜாடியைப் பயன்படுத்துகிறார்கள்; உள்ளே காற்றின் ஈரப்பதம் 11 முதல் 13 சதவீதத்தில் நிற்கும். கல்லூரி ஆய்வகம் பக்கத்தில் இருந்தால் அதையே கேளுங்கள்.

பிறகு சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து இரண்டாகப் பிரியுங்கள். பாதி ஃப்ரிட்ஜின் உள்தட்டில், 5 டிகிரியில். கதவில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு மாறும். பாதி ஃப்ரீசரில். சில வகைகள் மைனஸ் 20-ல் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கெடுகின்றன என்பதால் ஒரே இடத்தை நம்ப வேண்டாம். குப்பியை வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வந்த பின்பே திறக்க வேண்டும். சில்லென்று இருக்கும்போது திறந்தால் காற்றின் ஈரம் விதைமேல் படிந்து, காய வைத்ததெல்லாம் வீண்.

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி): ஆய்வகத்தில் பூஞ்சை இல்லாமல் முளைக்க வைக்க முடியுமா?

பதில்: முடியும். 1922-ல் லூயிஸ் நட்சன் சர்க்கரை சேர்த்த ஊடகத்தில் செய்து காட்டினார். நட்சன் சி அல்லது அரை அளவு எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊடகம் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை 20 கிராம், அகார் 8 கிராம், பி.எச். 5.6 முதல் 5.8, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் கிருமி நீக்கம். பி.எச். 5-க்குக் கீழே போனால் அகார் இறுகாது. விதையை அரை சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு சொட்டு ட்வீன் (விதை நன்றாக நனைய உதவும் திரவம்) விட்டு 5 முதல் 10 நிமிடம் குலுக்கி, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசுங்கள். நேரம் குறைந்தால் பூசணம், கூடினால் கரு சாவு; உங்கள் விதைக்கு எது சரி என்று 5, 8, 10 நிமிடம் பிரித்துப் பாருங்கள். தரை ஆர்க்கிட்டுக்கு முளைவிடும்வரை இருட்டு வேண்டும். ஊடகம் பழுப்பேறினால் லிட்டருக்கு ஒரு கிராம் கரித்தூள் சேருங்கள்.

ஆனால் இப்படி வளர்த்த நாற்று காட்டில் நட்டதும் பெரும்பாலும் தடுமாறும், துணைப் பூஞ்சை இல்லாததால். வேரின் உள்ளிருந்து பூஞ்சையைப் பிரித்து, லிட்டருக்கு ஓட்ஸ் தூள் 3 கிராம், அகார் 7 கிராம் கலந்த தட்டில் விதையோடு சேர்த்து வளர்ப்பதே எங்கள் பரிந்துரை. விதை வங்கியில் விதைக்குப் பக்கத்தில் அந்தப் பூஞ்சையும் இருக்க வேண்டும்.

கேள்வி (விக்கிரமசிங்கபுரம்): அகத்தியமலை மஞ்சள் செருப்பு ஆர்க்கிட்டின் நாற்று தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பாஃபியோபெடிலம் ட்ரூரி அகத்தியமலைத் தொடருக்கு மட்டுமே உரியது. எடுத்து எடுத்தே அழிவின் விளிம்புக்குப் போன செடி. இந்தச் செருப்பு ஆர்க்கிட் இனம் முழுவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது; காட்டிலிருந்து பறிப்பதும், உரிமம் இல்லாமல் விற்பதும் குற்றம். கேரளத்தில் உள்ள பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் இதைப் பெருக்கி மலையில் திரும்ப நட்டிருக்கிறார்கள். ஆள் சொன்ன விவரத்தை வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி (கடையம்): வீடு கட்டும் மனையில் வெள்ளைப் பூத் தரை ஆர்க்கிட் நிற்கிறது. பெயர்த்து நடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஹாபெனேரியா. பூக்கும்போது தோண்டாதீர்கள்: பழைய கிழங்கு பூவுக்குச் செலவாகிக்கொண்டிருக்கும், பக்கத்தில் புதுக் கிழங்கு அப்போதுதான் திரளும், இரண்டும் போய்விடும். குச்சி நட்டு இடத்தை அடையாளமிடுங்கள். இலை முழுக்கக் காய்ந்த பின், ஓரடி அகலத்துக்கு மண்கட்டி உடையாமல் எடுத்து, அதே மாதிரி நிழலும் வடிகாலும் உள்ள இடத்தில் அதே ஆழத்தில் இறக்குங்கள். உரம் வேண்டாம். மழை வரும்வரை தண்ணீரும் வேண்டாம். உறங்கும் கிழங்கு அழுகும். ஆட்டுக் கிடை போடும் பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.