மசில் பிரேக் மாற்றுதல்: கேள்வி பதில்

மயூர் விஹார் வாசகர்: ஐயா, என்னிடம் உரிமத்துடன் இருக்கும் .30-06 (தோட்டா வகை) ரைபிளின் பழைய மசில் பிரேக்கை, அதாவது சுடும்போது தோளில் விழும் உதையைக் குறைக்கக் குழல் முனையில் திருகும் துளையிட்ட உறுப்பை, நானே கழற்றி வேறொன்றை மாட்டலாமா?

பதில்: கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் அதற்குப் போதாது. உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். ரைபிளின் தோட்டா அறை காலி என்பதை உறுதி செய்த பிறகு, அவர் வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடியில்) பிடிக்க வேண்டியது குழலை, அதுவும் முனைக்கு அருகில், மென்மையான தாடைகளுக்கு நடுவே. பின்பகுதியைப் பிடித்துக்கொண்டு முனையில் ஸ்பேனர் போட்டால் முறுக்கு முழுவதும் குழல் பொருந்தும் இணைப்பில்தான் இறங்கும். பழைய கரி மரையை இறுக்கியிருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். புதியதைக் கையாலேயே கடைசிவரை திருகிப் பார்த்து, அதன் துளை குழலின் துளையோடு நேராக இருக்கிறதா என்று அளவுக் கம்பியால் சோதிக்க வேண்டும். சற்றே கோணினாலும் குண்டு பிரேக்கில் உரசும். இருபக்கத் துளைகளும் சமமட்டத்தில் நிற்கும்வரை இடையில் போட்ட வாஷரை நசுக்கி இறுக்குவார்கள். முடிந்ததும் சுட்டுப் பார்த்து, இலக்கில் குறியை மீண்டும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கரோல் பாக் வாசகர்: பழைய வாஷரையே மறுபடி போடலாமா?

பதில்: நசுங்கும் வகை வாஷர் ஒருமுறைக்குத்தான்.

முனிர்க்கா வாசகி: மகள் துக்ளகாபாத் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் தளத்தில் .22 ரைபிளில் பயில்கிறாள். அதற்கும் மாட்டலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. .22இல் பக்கவாட்டில் திருப்பிவிடும் அளவுக்கு வாயுவே கிடையாது. தவிர, சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிகள் ரைபிள்களில் மசில் பிரேக்கைத் தடை செய்கின்றன.

ஜனக்புரி வாசகர்: பிரேக் போட்டால் சத்தம் குறையும்தானே?

பதில்: இதையே எத்தனை பேர்தான் கேட்பீர்கள்? கூடும். வாயு பக்கவாட்டிலும் பின்னாலும் திரும்புவதால்தான் உதை குறைகிறது. சத்தமும் அதே வழியில் உங்கள் காதுக்கு வருகிறது. காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் மூடியும் சேர்த்தே அணியுங்கள்.

மீண்டும் மயூர் விஹார் வாசகர்: பக்கத்து மேடைக்காரர் முறைக்கிறார். என் தோள் எனக்கு முக்கியமில்லையா?

பதில்: அவருடைய காது அவருக்கு முக்கியமில்லையா? கூரை போட்ட தளத்தில் அந்த வீச்சு எதிரொலித்து அவர் மேல்தான் விழுகிறது. கடைசி மேடையைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காத நாளில் தடித்த ரப்பர் பட்டையைத் துப்பாக்கிக் கட்டையின் தோளில் படும் முனையில் மாட்டிக்கொண்டு, பிரேக் இல்லாத வேறு ரைபிளில் சுடுங்கள்.