பரிணாம உயிரியலும் அதன் கணிதமும்: எந்த நூலை எப்போது படிப்பது?

கேள்வி: பள்ளிக் கணிதத்தோடு நின்றவன் நான். இயற்கைத் தேர்வின் கணித மாதிரிகள் எனக்கு எட்டுமா?

பதில்: எட்டும். ஜான் கில்லெஸ்பியின் 'பாப்புலேஷன் ஜெனிடிக்ஸ்: எ கன்சைஸ் கைடு' சிறிய நூல்தான், இயற்கணிதமும் நிகழ்தகவும் கொஞ்சம் நுண்கணிதமும் இருந்தால் அதனுள் நுழைந்துவிடலாம். ஆனால் தாளும் பென்சிலும் இல்லாமல் அதைத் திறக்காதீர்கள். ஓர் ஒடுங்கு அல்லீலின் (இரு நகல்களும் சேர்ந்தால் மட்டுமே விளைவைக் காட்டும் மரபணு வடிவத்தின்) இரு நகல்களையும் பெற்ற உயிர்கள் அனைத்தும் இனப்பெருக்கத்துக்கு முன்பே இறந்துவிடுவதாகக் கொள்வோம். அந்த அல்லீலின் பங்கு இன்று இரண்டில் ஒன்று என்றால் அடுத்த தலைமுறையில் மூன்றில் ஒன்று, பிறகு நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று குறையும். நூறில் ஒன்றாகிவிட்ட பிறகோ, அது இருநூறில் ஒன்றாக இறங்குவதற்கே இன்னும் 100 தலைமுறைகள் ஆகும்; ஏனெனில் அப்போது எஞ்சியிருக்கும் நகல்களில் பெரும்பாலானவை, ஒரே நகலைச் சுமக்கும் நலமான உயிர்களுக்குள் தேர்வின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். இதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: டார்வினிடமிருந்து தொடங்குவதா, இயற்கைத் தேர்வுக்குக் கணித வடிவம் தந்த ரொனால்ட் ஃபிஷரிடமிருந்தா?

பதில்: இருவரிடமிருந்தும் வேண்டாம். 1859இல் வெளிவந்த டார்வினின் நூலை எப்போது படித்தாலும் இன்பம்தான். ஆனால் அதில் மெண்டலின் மரபியல் கிடையாது. ஃபிஷரின் 1930ஆம் ஆண்டு நூலோ, இடைப்படிகளை வாசகரே நிரப்பிக்கொள்வார் என்று நம்பி எழுதப்பட்டது. அதை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவையுங்கள்.

கேள்வி: கணிதத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். மார்ட்டின் நோவாக்கின் 'எவல்யூஷனரி டைனமிக்ஸ்' மட்டும் போதாதா?

பதில்: அழகான நூல்; ஆனால் அது மட்டும் போதாது. கணிதம் பயின்றவர்களுக்குச் சமன்பாடு தடையாவதில்லை, அதன் எடுகோள்கள் எந்த உயிரினத்துக்குப் பொருந்தும் என்பதுதான் தடுமாற்றம். ஒரு சதவீத அனுகூலம் தரும் புதிய சடுதிமாற்றம்கூடப் பெரிய இனக்கூட்டத்தில் எல்லா உயிர்களுக்கும் பரவி நிலைபெறும் வாய்ப்பு ஏறக்குறைய 2 சதவீதம்தான். இந்த விடையை எளிதில் வருவித்துவிடுவீர்கள். சூத்திரங்களில் வரும் இனக்கூட்ட அளவு என்பது தலைக்கணக்கு அல்ல, பெரும்பாலும் அதைவிட மிகச் சிறியது என்பதை டக்ளஸ் ஃபுடுய்மாவின் பாடநூல் போன்ற ஒன்றில்தான் உணர்வீர்கள். அதையே முதலில் படியுங்கள்.

கேள்வி: நானே மாதிரிகளை உருவாக்க விரும்புகிறேன்.

பதில்: சாரா ஆட்டோவும் டிராய் டேயும் 2007இல் எழுதிய கணித மாதிரியாக்கக் கையேட்டை வாங்குங்கள். பருமன் அச்சுறுத்தினாலும், வேண்டிய கணிதத்தை அதுவே கற்றுத்தருகிறது. ஒத்துழைப்பு, தன்னலமின்மை போன்ற சமூக நடத்தைகளே உங்கள் நாட்டம் என்றால், மெக்கல்ரீத், பாய்டு இருவரின் 'மேத்தமேட்டிகல் மாடல்ஸ் ஆஃப் சோஷியல் எவல்யூஷன்' அதைவிடக் குறுகிய வழி.