பழைய மோட்டார்ஹோம் வயரிங்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எண்பதுகளில் வந்த ஃபோக்ஸ்வாகன் வண்டியின்மேல் கட்டிய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஈஸ்டர் விடுமுறைக்குள் தயார் செய்து டர்பனுக்குத் தெற்கே சவுத் கோஸ்ட் பக்கம் போக ஆசை. சிங்க் அடிக் கதவைத் திறந்தால் வயர்கள் இடியாப்பம் மாதிரி கிடக்கின்றன. தண்ணீர் பம்ப் ஓடும்போது உள்விளக்குகள் மங்குகின்றன. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுக்கலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: பிடுங்காதீர்கள். எது எங்கே போகிறது என்று தெரியாமல் பிடுங்கினால், நன்றாக வேலை செய்கிற பாதியையும் சேர்த்து இழப்பீர்கள்.

கை வைப்பதற்கு முன் பழுப்பு வயரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மன் வண்டிகளின் 12 வோல்ட் வயரிங்கில் பழுப்பு என்றால் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி; வரைபடத்தில் 31 என்று போட்டிருக்கும். 230 வோல்ட் ஃபிளெக்ஸ் கேபிளில் அதே பழுப்புதான் லைவ். சிவப்பு, கறுப்பிலும் இதே வம்பு. நம் தென்னாப்பிரிக்க வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். வண்டிக்குள் பெட்டி கட்டியவர்கள் பலர் 12 வோல்ட் பிளஸ், மைனஸுக்கும் சிவப்பு, கறுப்பையே இழுத்திருப்பார்கள். இரண்டு வோல்ட்டேஜும் ஒரே அலமாரிக்குள் ஓடுகிற வண்டியில் நிறத்தை நம்பி வயரைத் தொடுவது உயிரோடு விளையாடுவது.

ஆகவே வெளியிலிருந்து வரும் 230 வோல்ட் பிளக்கைக் கழற்றுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். பிறகு எஞ்சின் பேட்டரி, உள்விளக்கு பம்புக்கான வீட்டு பேட்டரி இரண்டின் மைனஸையும் கழற்றுங்கள். மல்டிமீட்டரில் கண்டினியூட்டி (தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, ஒவ்வொரு வயரும் எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்று பார்த்து, இரு முனையிலும் எண் ஒட்டிக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஒரு வார இறுதி முழுக்கப் போகும். ஆனால் அந்தப் படம் இல்லாமல் செய்கிற எந்த ரிப்பேரும் குருட்டு ரிப்பேர்தான்.

இனி மங்கும் விளக்கு. பேட்டரியை மாற்றத் தோன்றும், பொறுங்கள். பம்பும் விளக்கும் ஒரே எர்த் வழியாகத் திரும்புகின்றன, அந்த எர்த் துருப்பிடித்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். டர்பன் கடற்கரைக் காற்றில் நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். சோதிப்பது எளிது. பேட்டரி மைனஸைத் திரும்ப மாட்டுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றதை விளக்கின் எர்த் முனையிலும் வைத்துப் பம்பை ஓடவிடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அங்கேதான். பம்ப் ஓடும்போது அணைத்து வைத்த இன்னொரு விளக்கு லேசாக எரிகிறதா? மின்சாரம் திரும்பிப்போக நல்ல வழி கிடைக்காமல் அந்த பல்பு வழியாகப் போகிறது என்று அர்த்தம்.

எர்த் போல்ட்டைக் கழற்றி, சேஸியில் பெயின்ட்டும் துருவும் போய் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள். வயர் முனையில் வெள்ளீயம் பூசிய செம்பு லக்கை (போல்ட்டில் மாட்டும் வளையம்) கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கி இறுக்கி, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் அல்லது பெயின்ட். முதலிலேயே பூசினால் சுரண்டியது வீண். இதைவிட உறுதியான வழியும் உண்டு: எர்த் வயர்கள் எல்லாவற்றையும் ஒரு செம்பு பட்டையில் சேர்த்து, அங்கிருந்து 16 சதுர மி.மீ. கேபிள் ஒன்றை நேராக வீட்டு பேட்டரியின் மைனஸுக்கு இழுப்பது. கடலோரத்தில் நிறுத்துகிற வண்டிக்கு இதையே செய்யச் சொல்வோம்.

வழியில் நீல நிறப் பிளாஸ்டிக் கவ்விகள் தட்டுப்படும், வயரை வெட்டாமல் கிளை எடுக்கிற வகை. ஒன்று விடாமல் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தகடு வயரின் இழைகளில் சிலவற்றை அறுத்துத்தான் தொடர்பு எடுக்கிறது. அந்த வெட்டில் ஈரம் ஏறிப் பச்சை பூத்துவிடும். அந்த இடங்களில் கிரிம்ப் செய்து, மேலே ஹீட்-ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள். வெறும் சால்டர் வேண்டாம். சால்டர் முடிகிற இடத்தில் வயர் விறைத்து, வண்டி அதிர அதிர அங்கேயே ஒடியும்.

பழைய பீங்கான் ஃபியூஸ்களில் வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16 ஆம்பியர். முனைகள் மங்கியிருந்தால் ஃபியூஸ் போகாமலே தொடர்பு போகும்; விரலால் சுழற்றினால் விளக்கு வந்துவிட்டால் அதுதான் கோளாறு. வீட்டுப் பகுதிக்கு மட்டும் பிளேட் ஃபியூஸ் பெட்டி போடுங்கள். ஃபியூஸ் காப்பது வயரை, பம்பையோ விளக்கையோ அல்ல. 1.5 சதுர மி.மீ. வயருக்கு 15 ஆம்பியருக்கு மேல் வேண்டாம், 2.5 வயருக்கு 20. பேட்டரியிலிருந்து கிளம்பும் முதல் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கேபிளுக்கு இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் நடுவில் ஷார்ட் ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாயும்.

கேள்வி: ஃபிரிட்ஜ் கேஸிலும் 230 வோல்ட்டிலும் நன்றாகக் குளிர்கிறது. வண்டி ஓடும்போது 12 வோல்ட்டில் வைத்தால் பால் திரிந்துவிடுகிறது.
– வாசகி, டொங்காட்

பதில்: ஃபிரிட்ஜில் குறையில்லை, வயர்தான் மெல்லிசு. உங்களுடையது 120 வாட் எலிமென்ட், பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 12 மீட்டர். பழைய 1.5 சதுர மி.மீ. வயரில் இது 0.14 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும். ஆல்டர்னேட்டர் 13.5 வோல்ட் தந்தாலும் ஃபிரிட்ஜுக்கு 12.1தான் வந்து சேரும். சூடு வோல்ட்டேஜின் இருமடியைப் பொறுத்தது என்பதால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இந்த வகை ஃபிரிட்ஜ் சூட்டால்தான் குளிரவைக்கிறது. துருப்பிடித்த இணைப்புகளும் தம் பங்குக்குத் தின்று 11 வோல்ட்டுக்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு காலி.

6 சதுர மி.மீ. வயரைத் தனியாக இழுத்து, 20 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் வந்துவிடும். எஞ்சின் ஓடும்போது மட்டும் சேரும்படி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஒன்று கட்டாயம் வேண்டும். அதை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது மட்டும் மின்சாரம் தரும் அதன் டி-பிளஸ் முனையிலிருந்து இயக்கலாம். ரிலே இல்லாமல் ஸ்காட்பர்க் கடற்கரையில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனால், 105 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். லெட்-ஆசிட் பேட்டரியை அதற்குக் கீழே இறக்கக்கூடாது. இன்னொன்று: 12 வோல்ட் இருக்கிற குளிர்ச்சியைத் தக்கவைக்கத்தான். முந்தின நாள் இரவே வீட்டில் 230 வோல்ட்டில் போட்டு, குளிர்ந்த பாலையே உள்ளே வையுங்கள்.

கேள்வி: கேரவன் பார்க்கில் பிளக்கைச் செருகியதும் எர்த் லீக்கேஜ் (கசிவு வந்தால் மின்சாரத்தை அறுக்கும் ஸ்விட்ச்) விழுகிறது. எர்த் வயரைக் கழற்றிவிட்டால் நிற்கும் என்று பக்கத்து ஸ்டாண்டில் இருந்தவர் சொன்னார்.
– வாசகர், லெனேசியா

பதில்: நிற்கத்தான் செய்யும். அதன் பிறகு லைவ் கசிந்தால் வண்டியின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு கதவுக் கைப்பிடியைப் பிடிக்கிற பிள்ளைதான் முதலில் மாட்டும். அந்த வயரைத் தொடவே கூடாது.

எல்லாச் சாமான்களையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் ஃபிரிட்ஜின் 230 வோல்ட் எலிமென்ட்தான் குற்றவாளி, அடுத்தது கீசர். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் எலிமென்ட்டுக்குள் ஈரம் ஏறும். ஃபிரிட்ஜைச் சில மணி நேரம் கேஸில் ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் பக்கத்திலேயே இருக்கும் எலிமென்ட் காய்ந்து பல சமயம் சரியாகிவிடும். பிறகும் விழுந்தால் எலிமென்ட்டை மாற்றுங்கள்.

எதுவுமே செருகாமலும் விழுகிறதென்றால், வண்டியின் இன்லெட் பிளக்கைத் திறந்து ஈரமோ பச்சைப் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள், கேபிள் முதலில் பார்க்கின் சாக்கெட்டிலிருந்து கழன்றிருக்க வேண்டும். அதுவும் சுத்தமாக இருந்தால், எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. லைவை மட்டும் அறுக்கும் ஒற்றை முனை பிரேக்கரை அணைத்தாலும் நியூட்ரல் அறுபடுவதில்லை. அதனால்தான் ஸ்விட்ச் எல்லாம் அணைத்த பிறகும் விழுகிறது. இங்கிருந்து பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கூடவே வண்டியின் டிபி போர்டில் (பிரேக்கர் பெட்டியில்) 30 மில்லி-ஆம்பியர் எர்த் லீக்கேஜும், லைவ், நியூட்ரல் இரண்டையும் அறுக்கும் இரட்டை முனை பிரேக்கர்களும் போட்டுவிடட்டும். போகிற இடத்து சாக்கெட்டில் லைவும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் பாதுகாப்பு இருக்கும்.

கேள்வி: வீட்டில் மிச்சமான வயரை வண்டியில் போடலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: சுவருக்குள் ஓடும் ஒற்றைக் கம்பி வயரா? கூடாது, அதிர்வில் ஒடியும். பல இழை ஃபிளெக்ஸ் மட்டும். பார்க்கில் இழுக்கும் கேபிள் 2.5 சதுர மி.மீ., மூன்று கோர், ரப்பர் உறை. டிரம்மில் சுற்றியிருந்தால் முழுவதையும் விரித்துவிடுங்கள். சுற்றிய நிலையில் ஹீட்டர் ஓட்டினால் உள் சுற்றுகள் உருகும்.

கேள்வி: பழைய பேட்டரி இருந்த இடத்தில் லித்தியம் வைத்தால் மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாமா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இருக்க முடியாது. லித்தியம் கிடைக்கிற ஆம்பியரை எல்லாம் இழுக்கும். அந்தக் காலத்துச் சிறிய ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில், இழுக்கும் ஆம்பியருக்கு வரம்பு போடும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். 230 வோல்ட்டில் ஓடும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரையும் லித்தியத்துக்கு ஏற்றதாக மாற்ற வேண்டியிருக்கும். பேட்டரி விலையோடு இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.