மின்கிதாரோடு தைனா பாடலாமா?

கேள்வி: லாத்வியாவின் நாட்டுப்புறப் பாடல்களை இன்றைய குழுக்கள் மின்கிதாரும் முரசும் சேர்த்துப் பாடுகின்றன. இது மரபைச் சிதைப்பதாகாதா?

பதில்: ஆகாது என்றே நினைக்கிறேன். லாத்வியர்கள் தைனா என்றழைக்கும் பாடல்கள் பெரும்பாலும் நான்கே அடிகள் கொண்டவை. கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் 1894 முதல் 1915 வரை வெளியிட்ட பெருந்தொகுப்பில் ஏறத்தாழ 2,18,000 பாடல்கள் உள்ளன. ஆனால் அது பாடல் வரிகளின் தொகுப்பு, மெட்டுகளின் தொகுப்பு அன்று. ஒரே நாலடியை ஊருக்கு ஊர் வேறு வேறு மெட்டில் பாடினார்கள். ஒரே மெட்டில் பல நாலடிகளையும் அடுக்கினார்கள். மாறாத மூல வடிவம் என்று ஒன்றை இங்கே தேடுவது வீண் வேலை. இன்று பலரும் மரபின் உச்சமாகப் போற்றுவது, 1873இல் ரீகாவில் தொடங்கிய பாட்டு விழாவின் கூட்டுப்பாடலை. ஆனால் அந்த்ரேய்ஸ் யூர்யான்ஸ், யாஸெப்ஸ் வீடோல்ஸ் போன்ற இசையமைப்பாளர்கள் கிராமத்து மெட்டுகளை மேற்கத்தியப் பல்குரல் இசைக்குள் கொண்டுவந்தபோது, அதுவும் புதுமையாகத்தான் இருந்தது.

கேள்வி: அப்படியானால் எதைச் செய்தாலும் சரியா?

பதில்: இல்லை. மேற்கு லாத்வியாவின் அல்சுங்கா பகுதியில் வாழும் சூய்ட்டி என்ற சிறு சமூகத்துப் பெண்கள் பாடுவதைக் கேட்டால் வேறுபாடு விளங்கும். ஒருத்தி அடியை உரத்துச் சொல்ல, இன்னொருத்தி அதை வாங்கித் திருப்பிப் பாட, மற்றவர்கள் ‘எ’ என்ற ஒற்றை உயிரொலியைச் சுருதியாக நீட்டிப் பிடிக்கிறார்கள். பாட்டின் இறுக்கம் முழுவதும் அந்த நீட்டலில்தான் இருக்கிறது. 2009இல் யுனெஸ்கோ இவர்களுடைய பண்பாட்டை உடனடிப் பாதுகாப்பு வேண்டுவன பட்டியலில் சேர்த்தது. புதிய இசையமைப்பில் அந்தச் சுருதியைத் தூக்கிவிட்டு, வழக்கமான கிதார் சுரக்கோவைகளை (கார்டுகளை) அடியில் பரப்பினால், பாட்டு எந்த நாட்டினுடையது என்றே தெரியாமல் போய்விடும். பெரிய மேடைகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

இந்தத் தவறைச் செய்யாதவர்களும் உண்டு. சோவியத் ஆட்சிக் காலத்தில், 1981இல் தொடங்கிய இல்கி குழுவினர் கிராமியப் பாடல்முறையில் ஊறிய பின்னரே ராக் இசைக்கு வந்தார்கள்; அந்தப் பயிற்சி அவர்களுடைய வயலினில் கேட்கிறது. பைக்குழல்களையும் பெருமுரசுகளையும் நம்பும் ஔலி குழுவுக்குச் சுருதிச் சிக்கலே இல்லை, பைக்குழலே அதைத் தந்துவிடுகிறது. மெட்டல் எனப்படும் உலோக இசைக் குழுவான ஸ்கைஃபோர்ஜர், 2003இல் மின்கருவிகளை ஒதுக்கிவைத்து, போர்ப்பாடல்களை மட்டும் ஒரு தனித் தொகுப்பாக வெளியிட்டது. ஐரோப்பிய நாடுகள் பங்கேற்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் 2025 இறுதிச் சுற்றில் லாத்வியாவுக்காகப் பாடிய தௌதுமெய்தாஸ் பெண்கள் மின்னணுத் தாளத்தைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் குரல்கள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் பழைய கூர்மையை அவர்கள் மழுங்கவிடவில்லை. சூய்ட்டி பெண்களை முதலில் கேட்டுவிட்டு இந்தக் குழுக்களிடம் வாருங்கள்.